மோட்டருக்கு உயிர் இருக்கிறதா?

கெடாவில் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. வெள்ளியும் சனியும் விடுமுறை. கோலாலம்பூர்ச் சொந்தங்கள் போர்வைக்குள் இருக்கும் நேரத்தில் சுங்கை பட்டாணித் தாமான்களின் முனைகளில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வேனுக்கு நிற்கிறார்கள். அப்படி ஒரு வேனின் பின்னாலேயே போய், பீடோங் பக்கத்தில் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியை அடைந்தேன். முதல் தவணை முடியும் தறுவாய். ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதலாம் ஆண்டு ஆசிரியர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

வேன் போகும் திசையே ஒரு கதை சொல்லும். ஒரு காலத்தில் பிள்ளைகள் லயத்திலிருந்து நடந்தே பள்ளிக்கு வந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது பிரிட்டிஷ் காலத்துத் தொழிலாளர் சட்டம். கொட்டகை போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியையோ கங்காணியையோ வாத்தியாராக உட்கார வைத்த தோட்டங்கள் உண்டு. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் பிரிவுக்கு ஒன்றாக மூன்று தமிழ்ப்பள்ளிகள் எழுந்தது அந்தக் காலத்தின் அடர்த்திக்குச் சாட்சி. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வேலைக்கு வெளிநாட்டவர் வந்தார்கள். நம் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போயின. பள்ளி மட்டும் பல இடங்களில் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. இப்போது பிள்ளைகள் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு வருகிறார்கள். மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே போனால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நான் போன பள்ளி அந்த வகைதான்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பத்துப் பாடங்கள்: தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், நன்னெறி, உடற்கல்வி, நலக்கல்வி, காட்சிக்கலை, இசை. அரை மணிக்கு ஒரு பாடம் மாறுகிறது. பாலர் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கே இது அதிர்ச்சி. அதனால் முதல் சில வாரங்கள் பாடப் புத்தகத்தைத் தொடுவதில்லை. வரிசையில் நிற்பது, பென்சில் பிடிப்பது, சப்பாத்துக் கயிறு கட்டுவது, கழிப்பறைக்குக் கேட்டுப் போவது. மாவு பிசையவிட்டு விரலுக்கு வலு சேர்க்கிறார்கள். இதெல்லாம் பாடமா என்று சிரிக்கிறவர்கள் அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சுங்கை பட்டாணியில் உள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் கல்விக் கழக வளாகத்தில் பயின்றவர். “பசியாறியாச்சா சார்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கரும்பலகைப் பக்கம் போனார்.

அன்றைய தமிழ்ப் பாடம் ஒகர வரிசை. இந்த வரிசையில் ஒரு பொல்லாத சிக்கல் இருப்பதை நானே அன்றுதான் கவனித்தேன். ‘கொ’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க். உயிரொலி அதற்குப் பிறகு. கையோ முதலில் ஒற்றைக்கொம்பைப் போட வேண்டும், பிறகு ககரம், பிறகு துணைக்கால். காது ஒரு வரிசை, கை வேறொரு வரிசை. கெட்டிக்காரப் பிள்ளைதான் இங்கே அதிகம் தவறுகிறது. அது கேட்டபடியே எழுதப் பார்க்கிறது. டீச்சர் விளக்கமே சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினார். நடுவில் நின்றவன் ‘க’. இடப்பக்கம் கையை வளைத்துக்கொண்டு நின்றவள் கொம்பு. வலப்பக்கம் விறைப்பாக நின்றவன் கால். கால் உட்கார்ந்தால் என்ன எழுத்து? ‘கெ’! கொம்பு உட்கார்ந்து கால் எழுந்தால்? ‘கா’! பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் பென்சிலைத் தொடவிட்டார். நடுவில் நின்ற ‘க’வுக்குக் கால் வலித்துப்போய் அடுத்த தடவை தன்னைக் கொம்பாக்கச் சொன்னான்.

மலாயும் ஆங்கிலமும் ஒரே ரோமன் எழுத்தில் வருவதால் தொல்லை வேறு மாதிரி. ‘சாவான்’ என்றால் மலாயில் கோப்பை, ஆங்கிலத்தில் ‘கப்’. இரண்டும் எழுத்தில் தொடங்குவது ஒரே ‘சி’. மலாயில் அது எப்போதும் சகரம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ககரம், சில சமயம் வேறு. இந்தப் பள்ளியில் மலாய் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியையும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பிளாஸ்டிக் கோப்பையைத் தத்தம் வகுப்புக்கு எடுத்துப் போகிறார்கள். குழப்பம் வரும் என்று தெரிந்தே இருவரும் அதை ஒரே வாரத்தில் கொண்டுவருகிறார்கள். தள்ளிப்போட்டால் இரண்டாம் ஆண்டில் வேர் விட்டுவிடுமாம். இது எந்தப் பாடத்திட்ட ஆவணத்திலும் இருக்காது. ஆசிரியர் அறையில் கோப்பி குடிக்கும்போது உண்டாவது.

கணிதத்தில் நூறு வரை எண்கள், பிறகு கூட்டல் கழித்தல். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுகிறார்கள். எண்பத்தொன்பது வரை கூட்டாகப் பாடிக்கொண்டே வந்த வகுப்பு அதற்கு அடுத்த படியில் தட்டுத் தடுமாறியது. தமிழில் எழுபதும் எண்பதும் ஏழு எட்டின் சாயலில் இருக்க, தொண்ணூறு மட்டும் நூறைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பையன் “ஒம்பதுபத்து” என்றான். டீச்சர் திருத்தவில்லை. ஒன்பது கட்டு குச்சியை அவன் கையில் கொடுத்து, “ஆமாம்டா, ஒம்பது பத்துதான். அதுக்குப் பேரு தொண்ணூறு” என்றார். அவன் கருத்து சரி, பெயர்தான் தெரியவில்லை என்பதை அந்த ஒரு நொடியில் பிரித்துப் பார்க்கத் தெரிவதைத்தான் நான் தொழில் என்பேன்.

அறிவியல் வகுப்பில் நான் என் குறிப்பேட்டையே மறந்துவிட்டேன். உயிருள்ளவை, உயிரற்றவை. சுவாசிக்கும், நீரும் உணவும் வேண்டும், வளரும், அசையும், இனம் பெருக்கும். பலகையில் படம் ஒட்டியாயிற்று. பூனை, கல், வாழை, நாற்காலி எல்லாம் சுலபமாகப் போனது. கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, தன் அப்பாவின் மோட்டருக்கு உயிர் இருக்கிறது என்றான். ஓடுகிறது, பெட்ரோல் குடிக்கிறது, புகை விடுகிறது. வகுப்பு இரண்டாகப் பிளந்தது. “தூங்கும்கூட, ஸ்டாண்டு போட்டு” என்று ஒருத்தி அவன் கட்சிக்கு வந்தாள்.

ஆசிரியர் விடையைச் சொல்லிவிட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இவர், “அப்படியா? உங்க வீட்டு மோட்டர் வாங்கினப்ப எவ்வளவு பெருசு?” என்று கேட்டார். அவன் யோசித்தான். “இதே பெருசுதான் டீச்சர்.” “இப்ப?” “இதே பெருசுதான்.” நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் “வளரல! வளரல!” என்று கத்த, அவன் விட்டுக்கொடுக்காமல், “எங்க தாத்தாவும்தான் வளரல” என்றான்.

டீச்சர் சிரித்துவிட்டார். தாத்தா சின்னப் பிள்ளையாக இருந்தாரா, மோட்டர் சின்னப் பிள்ளையாக இருந்ததா என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லி மணியடித்ததும் விட்டார். கெடாவின் பழம்பெயர் கடாரம் என்பதையும், 1025-இல் ராஜேந்திர சோழனின் படை இங்கே வந்ததையும், பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் என்னும் பழங்கோயில்கள் அடுத்த ஊர்தான் என்பதையும் இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது யாரும் பாடமாகச் சொல்வதில்லை. வரலாறு நான்காம் ஆண்டில்தான் தொடங்குகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. தாத்தாவுக்கும் மோட்டருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற வயதில் சோழர் காத்திருக்கலாம்.

2019 முதல் முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை தேர்வு கிடையாது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர் தேர்வையும் 2021-இல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வகுப்பறைசார் மதிப்பீடு: ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. தேர்வு போனதால் ஆசிரியர்களுக்கு வேலை குறைந்தது என்று வெளியே பேசுகிறார்கள். நான் பார்த்தது நேர்மாறு. முன்பு தாள் சொல்லிவிடும். இப்போது கண் சொல்ல வேண்டும். டீச்சரின் பையில் ஒரு நீள நோட்டு இருந்தது. பிள்ளைக்கு ஒரு பக்கம். ‘னகர ணகர மயக்கம்’, ‘கேட்டால் சொல்வாள், எழுதமாட்டாள்’, ‘பசியோடு வரும் நாளில் கணிதம் போகாது’. இத்தனையையும் கடைசியில் ஓர் எண்ணாகச் சுருக்கிக் கணினியில் ஏற்ற வேண்டும். இணையம் தோட்டத்தில் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். ஆகவே அந்த ஏற்றும் வேலை வீட்டில், இரவில். இந்த மதிப்பீட்டு முறை நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் இதைச் செய்கிற ஆளுக்கு அதற்கான நேரத்தைக் கொடுக்காமல் முறையை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

பட்டணத்துப் பள்ளி ஒன்றிலும் எட்டிப் பார்த்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஒரே ஆசிரியை. அங்கே கொம்பும் காலும் எழுந்து நிற்க இடமில்லை. குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு மேசை. அவருக்கும் நோட்டு உண்டு, ஒரு பக்கத்தில் நான்கு பெயர்.

பெற்றோர் சந்திப்பு நாளில் தோட்டப் பள்ளிக்கே திரும்பி வந்தேன். வரிசையில் முதலில் ஒரு பாட்டி, பால் வெட்டி ஓய்ந்தவர், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு.

“எத்தனையாவதா வந்திருக்கா டீச்சர்?”

“இப்ப அப்படி இல்ல பாட்டி. வரிசை போடறது இல்ல. தமிழ்ல நாலாவது நிலையில இருக்கா.”

“எத்தனைக்கு நாலு?”

“ஆறுக்கு.”

பாட்டி கொஞ்சம் யோசித்தார். “அப்ப மிச்சம் ரெண்டு எங்க போச்சு?”

டீச்சர் நோட்டைத் திறந்து பேத்தியின் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினார். ‘கொ, தொ, பொ’ என்ற வரிசையில் கொம்பு இடம் மாறி நின்ற இடங்களைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். சரளமாக வாசிக்கிறாள், கதை சொல்கிறாள், எழுதும்போது இது மட்டும் தடுக்குகிறது. அடுத்த தவணைக்குள் வந்துவிடும் என்றார்.

“இந்தக் கொம்பு ஒண்ணுதானா?” பாட்டிக்கு முகம் தெளிந்தது. “பள்ளிக்கூடம் லீவுதானே, நான் பாத்துக்கறேன். கணக்குல எத்தனை?”