12 ஏ.எம். என்று ஒரு கவர் நோட்

விபத்து நடந்தபோது வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தேதியே பதில் சொல்லிவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் நான் நடத்திய ஒரு வழக்கில் தேதியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. தகராறு முழுவதும் கவர் நோட்டில், அதாவது பாலிசி கைக்கு வரும்வரை கொடுக்கும் தற்காலிகக் காப்பீட்டுச் சீட்டில், 'தொடங்கும் நேரம்' என்றிருந்த சின்னக் கட்டத்தைப் பற்றியது. அதில் ஏஜெண்ட் தன் கைப்பட '12 ஏ.எம்.' என்று எழுதியிருந்தார்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய வேன் ஒன்று, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளியை மோதியது. அவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். முதல் தகவல் அறிக்கை விபத்து நேரத்தைக் காலை 10.45 என்று குறித்தது. வேனின் பழைய பாலிசி சில நாள் முன்பே காலாவதியாகியிருந்தது. விபத்து நடந்த அதே தேதியில்தான் புதிய கவர் நோட் வாங்கப்பட்டிருந்தது. கட்டத்தில் இருந்த 12 நள்ளிரவைக் குறித்தால் விபத்தின்போது இன்சூரன்ஸ் உண்டு. நண்பகலைக் குறித்தால் ஒன்றேகால் மணி நேரம் பிந்தித்தான் அது உயிர் பெற்றது. நான் இறந்தவரின் மனைவிக்காக ஆஜரானேன்.

இன்சூரன்ஸ் இல்லையென்றால் இழப்பீடே கிடையாது என்பதில்லை. வேன் முதலாளி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகும். அவர் கொடுக்காவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பும், நில வரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்லும். ஆனால் அந்த முதலாளிக்கு இருந்தது அந்த ஒரே வேன், அதுவும் ஃபைனான்ஸில் வாங்கியது. வசூலிக்க ஆள் போனாலும் எடுத்துவர ஒன்றும் இருக்காது. ஆகவே என் கட்சிக்காரருக்குப் பணமா, வெறும் தீர்ப்பு நகலா என்பதை அந்தக் கட்டம்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சட்டத்தின் நிலை அப்போது இப்படி இருந்தது. ஒரு தேதியில் எடுத்த பாலிசி அந்தத் தேதி பிறந்த நள்ளிரவிலிருந்தே செல்லும், அதே நாளில் பாலிசி எடுப்பதற்கு முன் விபத்து நடந்திருந்தாலும் கம்பெனி பொறுப்பாகும் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொல்லியிருந்தது. 1996-இல் வந்த வேறொரு வழக்கில் பாலிசி மாலை 4 மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தது. விபத்தோ காலை 11.15-க்கு. நேரத்தைக் குறிப்பிட்டு ஒப்பந்தம் செய்திருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் பொறுப்பு என்று கூறி, அதே நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு விநோதம் புலப்படும். ஏஜெண்ட் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டிருந்தால் என் கட்சிக்காரர் ஜெயித்திருப்பார். 'நண்பகல் 12' என்று சுத்தமாக எழுதியிருந்தால் தோற்றிருப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை அவர் எழுதிவைத்திருந்தார்.

கம்பெனி வக்கீலின் வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. வீடு எரிந்த பிறகு தீக்காப்பீடு எடுக்க முடியாது என்பதற்காகத்தான் நேரம் எழுதுகிறார்கள் என்றார். நடுராத்திரியில் எந்த ஏஜெண்டும் உட்கார்ந்து கவர் நோட் போடமாட்டார், எனவே அந்த 12 பகல் 12-தான் என்றார். அந்தக் கட்டம் கேட்பது கவர் நோட் எழுதிய நேரத்தை அல்ல, பொறுப்பு தொடங்கும் நேரத்தை என்பது என் பதில். பகலில் எழுதும் பாலிசிகள் நள்ளிரவிலிருந்து தொடங்குவது அன்றாடம் நடப்பதுதான்.

ஏஜெண்ட் கூண்டில் ஏறினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். மதியம்தான் எழுதினேன், மதியத்தைத்தான் குறித்தேன் என்றார். "அப்படியானால் நள்ளிரவை எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டேன். "12 பி.எம்., சார்" என்றார். மதியம் பன்னிரண்டரையை? "12.30 பி.எம்." காலை முழுக்க ஏ.எம். என்று ஓடி வந்த கணக்கு பன்னிரண்டு அடித்து முடியும்வரை ஏ.எம்.தானே என்பது அவர் நியாயம். நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் ஏ.எம். என்றால் நண்பகலுக்கு முன், பி.எம். என்றால் நண்பகலுக்குப் பின். நண்பகல் தனக்கே முன்னாலும் வராது, பின்னாலும் வராது. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடுகூட நள்ளிரவை 12 பி.எம். என்றே எழுதச் சொல்லிவந்து, 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதை மாற்றிக்கொண்டது. சிரிப்புக்கு ஆளான ஏஜெண்டுக்கு அவ்வளவு பெரிய துணை இருந்திருக்கிறது.

தீர்ப்பாய நீதிபதி 12 ஏ.எம். எதைக் குறிக்கும் என்ற கேள்விக்குள் இறங்கவே இல்லை. நேரம் குறித்த ஒப்பந்தம் என்று கம்பெனி சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அந்த நேரம் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய நேரம் குறிக்கப்படாத நேரமே. எழுதியவர் கம்பெனியின் ஆள் என்பதால் அதன் பலன் எதிர்த்தரப்புக்குத்தான் சேரும் என்றார். கட்டம் காலி என்று வைத்துக்கொண்டால் 1990 தீர்ப்பு வந்துவிடுகிறது, நாள் நள்ளிரவில் தொடங்கிவிடுகிறது. கம்பெனி பணம் கட்ட வேண்டும் என்று உத்தரவானது.

கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் உச்ச நீதிமன்றம், 2.20-க்கு நடந்த விபத்துக்கு 2.55-க்கு வாங்கிய பாலிசி உதவாது என்று சொல்லிவிட்டிருந்ததால், மேல்முறையீட்டில் எனக்கு உள்ளூர நடுக்கம்தான். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சமரசம் ஆனோம். ஜெயித்த வழக்கில் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பவர்கள், அப்பீல் பட்டியலுக்கு வரும்வரை பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருந்து பார்க்க வேண்டும்.

இப்போது பாலிசிகளில் 00.00 மணி முதல் என்று அச்சடிக்கிறார்கள். நான் வரையும் ஒப்பந்தங்களில் இரவு 11.59 என்றே போடுகிறேன். தமிழில் நள்ளிரவு என்று எழுதினாலும், 15-ஆம் தேதி நள்ளிரவு என்பது 15 பிறக்கும் இரவா முடியும் இரவா என்று கேட்க ஒரு வக்கீல் எங்கேயாவது இருப்பார்.

காசோலை வாங்கிய அன்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "வக்கீலய்யா, அந்த ஏஜெண்டு ஒழுங்கா எழுதியிருந்தா எனக்கு இது கிடைச்சிருக்காதா?" கிடைத்திருக்காது என்றேன். புருஷனை இழந்தது 10.45-க்கு என்பது மாறவில்லை, வண்டி மாறவில்லை, பிரீமியம் மாறவில்லை. அவர் பார்த்தே இராத ஒரு காகிதத்தில், அவருக்குத் தெரியாத ஒருவர், தெளிவில்லாமல் எழுதியதுதான் அவரைக் காப்பாற்றியது. அந்தத் தீர்ப்பு சரியானது என்று எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் அடுத்த விதவைக்கு வரும் கவர் நோட்டை எழுதும் ஏஜெண்டுக்குக் கடிகாரம் நன்றாகத் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் வாதம் இல்லை.