ஓர் ஓசையின் பிறப்பிடம்

எழுத்தொலிகள் உந்தியினின்று எழுங் காற்றாற் பிறந்து, தலை மிடறு நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, நா, இதழ் முதலிய உறுப்புக்களின் தொழிலால் வேறுவேறாக ஒலிக்கும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறியுள்ளார். அதனை வகுப்பிற் கற்ற யான், அவ்வாராய்ச்சியை ஒரு பழைய மோட்டார் சைக்கிளிடத்து நிகழ்த்த நேருமென்று கனவிலும் நினைத்தேனில்லை.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையில் மூன்று சிற்றூர்ச் சபைகளுக்கு உபதேசியார். அவரது வாகனம் 1978 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட என்ஃபீல்டு புல்லட்டு, 350 சி.சி. எஞ்சினை உடையது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டினுள் அடங்கியிருக்க, இதிலோ கியர் பெட்டி தனியே நிற்கும். எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு ஒரு செயின் எண்ணெயில் தோய்ந்து மூடிக்குள் ஓடும். கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்திற்கு மற்றொரு செயின் வெளியே புழுதியில் ஓடும். ஆகவே ஓசை பிறத்தற்குரிய இடங்கள் இதிற் பல.

சென்ற லெந்து நாட்களில் வீடு சென்றிருந்தபோது, அவர் பின்னே அமர்ந்து போகையில், ‘டக், டக்’ என்றோர் ஓசை கேட்டேன். தந்தையார்க்குக் கேட்கவில்லை, சில ஆண்டுகளாகவே அவர்க்குச் செவிப்புலன் மந்தம். கியர் பெட்டியே பழுது என்று யான் துணிந்துரைத்தேன். இருக்கைக்குக் கீழிருந்து வரும் ஓசை வேறெதனுடையதாகும்? பட்டறைக்காரர், “எந்த மாதிரிச் சத்தம், தம்பி? கடகடவென்றா, கரகரவென்றா?” என்று வினவியபோது, இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் ஒப்பிக்கவல்ல யான் விடை கூறமாட்டாது விழித்தேன். என் சொல்லை நம்பி அவர் கியர் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, எண்ணெயையும் மாற்றினார். தந்தையார் ரூபாய் 1,800 எண்ணிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஓசையும் உடன் வந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இரும்புச் சட்டத்தினூடே ஓசை எங்கும் பரவுமாதலின், ‘எங்கே ஒலிக்கின்றது?’ என்று செவியை வினவுதல் வீண், ‘எப்பொழுது ஒலிக்கின்றது?’ என்று வினவுதலே தக்கது எனத் தோன்றியது. மறுநாட் காலையில் வண்டியை நிறுத்தி வைத்து, கியரிலிடாமல் எஞ்சினை முடுக்கினேன்; அவ்வோசை இல்லை. பின்னர்க் குளத்தங்கரை மேட்டிலிருந்து, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருண்டிறங்கினேன். டக், டக்! வேகம் மிகுந்தபோது ஓசையும் விரைந்தது. தளர்ந்தபோது அதுவும் தளர்ந்தது. எனவே எஞ்சினும் கிளட்சும் அவற்றிடைச் செயினும் குற்றமற்றவை. கியர் பெட்டியின் மீது மட்டும் என் ஐயம் முற்றும் நீங்கவில்லை. தன் முதற் கருத்தை விடுதல் எவர்க்கும் அரிதன்றோ!

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையாற் சுழற்றினேன். டயரிற் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, ஓசை எழுந்த போதெல்லாம் அக்கோடு நின்ற இடத்தை நோக்கினேன். குற்றம் சக்கரத்திலோ பிரேக்கிலோ இருப்பின், சுற்றுத்தோறும் கோடு ஒரே இடத்தில் நிற்கும்போது ஒலிக்கவேண்டும். அஃது அவ்வாறு ஒலிக்கவில்லை. ஒருமுறை மேலே, மறுமுறை ஏறக்குறைய கீழே. ஓர் ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் இடையே சக்கரம் இரண்டரைச் சுற்றளவு சுழன்றது. பின்சக்கரப் பற்கள் 38. செயினின் கண்ணிகளை எண்ணினேன். 90 க்கு மேலிருந்தன. சக்கரம் இரண்டரை முறை சுழன்றாலன்றிச் செயின் ஒருமுறை சுற்றிவாராது. செயினில் ஏதோ ஒரு கண்ணியே ஒவ்வொரு சுற்றிலும் எங்கோ இடிக்கின்றது எனத் தெளிந்தேன்.

துணியால் அழுக்கைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணியாக நகர்த்தினேன். செயினின் இருமுனைகளையும் இணைக்கும் கண்ணியைப் பட்டறையார் ‘செயின் லாக்’ என்பர். அதன் பக்கத் தகடு கழன்றுபோகாதவாறு சிறியதொரு கிளிப்பு அதனைப் பற்றியிருக்கும். அக்கிளிப்பைக் காணோம்! தகடு பாதி வெளியேறி, செயின் கவரின் உட்புறத்தில் இடித்து, பளபளக்கும் ஒரு கீறலை உண்டாக்கியிருந்தது. அதனைப் பிடித்து நிறுத்தியது பழைய மசகும் புழுதியுமே. இன்னும் சில மைல் சென்றிருப்பின் செயின் கழன்றிருக்கும். ஓடும் வண்டியில் அது சக்கரத்தினிடையே சிக்கினால் ஓட்டுவோர் கதி என்னாம்?

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுந் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். திறந்த முனை முன்னோக்கியிருப்பின், ஏதேனும் தட்டியவுடன் கழன்றுவிடும். இதனை யான் அறிந்தது அன்றுதான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அச்செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவி, மீண்டும் பூட்டி, ‘பார்த்தீர்களா, அப்பா!’ என்று பெருமிதத்தோடு நின்றவன் யானே. எத்திசையில் மாட்டினேன் என்பது எனக்கு நினைவில்லை. அதனை நோக்கினேனே அல்லன் என்பது மட்டும் நினைவிருந்தது.

உபதேசியார் மகனாயினும், இதனைச் சொல்ல எனக்கு மாலைவரை சென்றது. குடும்ப ஜெபம் முடிந்தபின், செவிப்புலன் மந்தமான அவர்க்குக் கேட்கும்படி உரக்கவே சொல்லவேண்டியதாயிற்று. அடுக்களையில் அம்மாவும் கேட்டார்கள். தந்தையார் சிறிதுநேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் டவுனுக்குப் பஸ்ஸிற் சென்று, காகிதத்திற் பொதிந்த புதிய செயின் லாக் ஒன்றை வாங்கிவந்து என் கையில் வைத்து, “நீயே மாட்டு” என்றார். பின்பு மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு என் பக்கத்திற் குந்தி அமர்ந்தார்.