திண்ணையில் ஒரு கட்டு ஒயர்

பங்குனி மாதத்தில் பாலக்கோட்டைச் சுற்றியுள்ள எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் எதிரே வருவது புளி வாசம்தான். எங்கள் தெருவில் அப்போது ஒரு திண்ணையும் காலியாக இருக்காது. ஓடு உடைக்க ஒருத்தி, நார் உரிக்க ஒருத்தி, கொட்டை எடுக்க இன்னொருத்தி. ஆயா சின்ன இரும்புத் துண்டால் ஒரே தட்டுத்தான் தட்டுவாள், கொட்டை வெளியே வந்து விழும். அது கூலி வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று வியாபாரி கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

புளி தீர்ந்து, மாங்காயும் ஓய்ந்து, கேழ்வரகு விதைக்க மழைக்குக் காத்திருக்கும் நாட்கள்தான் என் நினைவில் அழுத்தமாக நிற்கின்றன. காட்டில் வேலை இல்லை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். அப்போது அம்மா பரணிலிருந்து ஒயர் கட்டுகளை இறக்குவாள்.

1980களின் கடைசி அது. தருமபுரி பஸ் நிலையத்துப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் வாங்கி வருவார்கள். கரும்பச்சை, மஞ்சள், ரத்தச் சிவப்பு, வெள்ளை. கட்டைப் பிரித்ததும் எழும் பிளாஸ்டிக் வாசம் எனக்கு இன்றும் பிடிக்கும். மார்கழிக் காலையில் ஒயர் விறைத்துப்போய் மடங்க மறுக்கும்; இழுத்துக் கட்டினால் விரலை அறுக்கும். ஓசூர்ப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று அந்த மாதத்தில் எங்கள் ஊரையும் விடாது. அதனால் ஒயரை முறத்தில் பரப்பி வெயிலில் வைப்போம். சூடேறியதும் சொன்னபடி கேட்கும்.

“கூடை போடறதுல பாதி வேல வெட்டறதுலயே முடிஞ்சிடும் பாப்பா” என்பாள் அம்மா. அளவுகோல் எல்லாம் கிடையாது, முழம்தான். அம்மாவின் முழமும் அத்தையின் முழமும் ஒன்றல்ல என்பதால் ஒரு கூடைக்கு ஒருத்திதான் வெட்ட வேண்டும். நடுத்தரக் கூடை என்றால் இரண்டு மூன்று கட்டு பிடிக்கும். வெட்டிய ஒயர்களை நடுவில் மடித்து, குறுக்கே வருவதை அதன்மேல் மடக்கி, நுனியைக் கண்ணிக்குள் விட்டு நான்கு பக்கமும் இழுத்தால் ஒரு சதுர முடிச்சு விழும். அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்படியே வரிசை வரிசையாக அடி உருவாகும். அடி முடிந்து மேலே திரும்பும் இடம்தான் சிரமம். அங்கே ஒரு சீரான இழுப்பு வேண்டும்; ஒரு மூலை தளர்ந்தாலும் கூடை சாய்ந்து நிற்கும். அதற்குப் பிறகு நீளமான ஓட்ட ஒயர் ஒன்று சுற்றிச் சுற்றி வர, சுவர் எழும்பும். கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை உள்பக்க முடிச்சுகளுக்குள் செருகி வெட்ட வேண்டும். ஆயா அந்த வேலையை மட்டும் தன்னிடம் தரச் சொல்வாள். கண் மங்கிய பிறகும் விரலாலேயே முடிச்சைத் தேடிச் செருகுவாள்.

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். கூடையில் அவள் போட்ட கணக்கை நினைத்தால் இன்றும் வியப்புதான். “பூ நடுவுல உக்காரணும்னா ஒத்தப்படையில எண்ணு” என்று ஒரே வரியில் சொல்லிவிடுவாள். சுவரின் நடுவில் வைர வடிவம் ஒன்று வர வேண்டுமானால் நடுக்கோடு ஒன்று இருந்தே ஆக வேண்டும். இரட்டைப்படையில் அது கிடைக்காது. பள்ளியில் ஒற்றைப்படை, இரட்டைப்படை நடத்தியபோது எனக்குக் கரும்பலகை தேவைப்படவில்லை. எங்கள் மஞ்சள் கூடையில் அதை முன்பே பார்த்திருந்தேன். எந்தச் சிவப்பு எத்தனையாவது சுற்றில் தொடங்கி எங்கே மறைய வேண்டும் என்பதை எழுதி வைக்காமல் தலையில் வைத்திருந்த பெண்களைப் படிக்காதவர்கள் என்று சொல்ல என் வாய் இன்றுவரை கூசுகிறது.

சாதா முடிச்சு எல்லோருக்கும் வரும். நெல்லிக்காய் முடிச்சு உருண்டு திரண்டு நிற்கும், அது ஒயரை அதிகம் தின்னும். பிஸ்கட் கூடை கல்யாணச் சீருக்கு. சிவன் கண் போடத் தெரிந்தவள் தெருவில் அம்மா ஒருத்திதான். அரூரில் கட்டிக்கொடுத்த பெரியம்மாவிடம் கற்று வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கற்றுக்கொள்ள வந்து உட்காருவார்கள். உட்கார்ந்த இடத்தில் பேச்சும் நடக்கும். புருஷன் அனுப்பாத பணம், மாமியார் சொன்ன சொல், பெண்ணை எட்டாவதோடு நிறுத்துவதா வேண்டாமா என்ற கவலை. கையில் வேலை இருந்ததால்தான் அவ்வளவு நேரம் அவர்களால் உட்கார முடிந்தது. வெறுங்கையோடு இரண்டு பெண்கள் திண்ணையில் பேசினால் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். கையில் கூடை இருந்தால் வராது.

அடுத்த வீட்டுக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஒரு டீச்சர் குடிவந்தார். அவர் பையில் கொக்கி வைத்த குரோஷா ஊசியும் உல்லன் நூல் உருண்டைகளும் இருந்தன. ரேடியோவுக்கு விரிப்பு, தலையணைக்கு ஓரம், பிறந்த குழந்தைக்குத் தொப்பி என்று போட்டுக்கொண்டே இருப்பார். ஸ்வெட்டர் போடும் நீள ஊசி எங்கள் ஊரில் எங்கே கிடைக்கும்? சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ் கம்பி இரண்டு வாங்கி, நுனியைக் கல்லில் தேய்த்துக் கொடுத்தார். என் முதல் மப்ளரை அந்தக் கம்பிகளில்தான் போட்டேன். ஆயா அதைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அதிகாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவாள்.

நாகர்கோவில் லேஸின் கதையையும் டீச்சர்தான் சொன்னார். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்த மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் மணமுடித்தது, பின்னாளில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை. இடையன்குடிக்குப் போன எலைசா அங்கேயும் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல்லின் பெயர் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். எலைசாவின் பெயரை நான் கேட்டது எங்கள் திண்ணையில், நூலும் ஊசியும் கையில் இருந்தபோது. அது பாடப்புத்தகத்திலும் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டுகளில்தான் ஊருக்குள் ‘சங்கம்’ வந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு அதை நடத்தியது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது எங்கள் மாவட்டத்திலேயே இருந்தன, 2004-இல்தான் பிரிந்தன. குழு சேர்க்க வந்த பெண்மணிக்கு எங்கள் தெருவில் வீடு வீடாக அலைய வேண்டியிருக்கவில்லை. கூடை போட உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களையே நோட்டில் எழுதிக்கொண்டார். யார் சொன்ன தேதியில் கூடையை முடிப்பார், யாரிடம் ஒயரை நம்பிக் கொடுக்கலாம் என்பதெல்லாம் இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கடன் யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய அதுவே போதுமானதாக இருந்தது. கூட்டத்துக்கும் கூடையோடுதான் வந்தார்கள். அத்தை கைநாட்டு வைப்பதை விட்டுக் கையெழுத்துப் போடப் பழகியது அங்கேதான். முடிச்சுப் போட்ட விரல் அல்லவா, பேனா சீக்கிரம் பிடிபட்டது.

கூடையை விற்றுப் பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. ஒயர் காசு போக மிஞ்சியதில் எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், ஆயாவுக்கு வெற்றிலை. ஆனால் அம்மா போட்ட எந்தக் கூடையும் ஒரு வருஷத்தில் பிய்ந்ததில்லை. பாலக்கோட்டுச் சந்தையிலிருந்து தக்காளி, கோயிலுக்குத் தேங்காய் பழம், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் அதில்தான் போய்வந்தன. கேரிபேக் வந்த பிறகு பரணுக்குப் போன கூடைகள், 2019 ஜனவரி 1-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும் மறுபடி கீழே இறங்கின. ஒயரும் பிளாஸ்டிக்தான். ஆனால் இருபது வருஷம் உழைத்த பொருளை ஒரு மணி நேரத்தில் குப்பையாகும் பையோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வராது.

இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். அலுவலகத்தில் என் கூடையைப் பார்த்த பெண்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். சாதா முடிச்சு, நெல்லிக்காய் இரண்டும் சனி, ஞாயிறுகளில் நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒருத்தி சிவன் கண்தான் வேண்டும் என்று நின்றாள். ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். விலை என்ன, யாருக்கு என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

“என்னென்ன கலர் வச்சிருக்கற? போன வச்சிட்டு மொதல்ல ஒயர வெட்டு. உன் முழத்துலயே வெட்டு, என் முழத்துல சொன்னா உனக்குப் பத்தாது.”