காத்திருக்கத் தெரியாத பாட்டு

மூன்று வயதுப் பிள்ளைக்குப் போனில் பாட்டுப் போட்டுக் காட்டலாமா, கூடாதா என்று என்னிடம் கேட்காத அம்மாக்கள் குறைவு. அங்கன்வாடி டீச்சராக நான் சொல்வது இதுதான்: பாட்டை முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் போனை எடுத்து வைத்துவிட்டு நீங்களே பாடுங்கள். பிள்ளைகளின் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பதிலுக்கு வந்து சேர்ந்தேன்.

கொரோனா முடிந்து மையம் திறந்தபோது வந்த பிள்ளைகளில் பலர் போன் திரையோடு வளர்ந்தவர்கள். நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். போட்டிருக்கும் சட்டை என்ன நிறம் என்று கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முன்பருவக் கல்விக்கு எங்களிடம் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் இருக்கிறது. ஆனாலும் புதுப் பாட்டு, புது விளையாட்டு வேண்டுமென்றால் யூடியூபையும் டீச்சர்களின் வாட்ஸ்அப் குழுக்களையும்தான் தேடிப் போகிறோம். அங்கே நல்ல சரக்கு நிறையவே இருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் எனக்குக் கேள்வி எழுந்தது.

யானைப் பாட்டு ஒன்றைப் போனில் ஓடவிட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தேன். கண் இமைக்கவில்லை, வாய் பாதி திறந்திருந்தது, உதடு அசையவே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே பாட்டை நான் மெதுவாகப் பாடினேன். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். பேச்சு இன்னும் தெளியாத பையன் ஒருவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். மற்ற பிள்ளைகள் முந்திக்கொள்ளப் பார்த்தார்கள். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவன் உதடு குவிந்தது, விரிந்தது, ‘ஆனை’ என்றான். மறுபடி பாடச் சொல்லி என் முழங்காலைத் தட்டினான். வீடியோவில் அந்த இடைவெளி கிடையாது. அவன் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

அமெரிக்காவில் பட்ரீசியா குல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது இந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், ஒன்பது மாதம் ஆனவர்கள். ஒரு பிரிவினரோடு சீனமொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை படித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள் பேசியது வீடியோவில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். வீடியோ பார்த்தவர்களுக்கோ, அந்த மொழியையே கேட்காத குழந்தைகளைவிடக் கூடுதலாக ஒன்றும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இரண்டு முதல் நான்கு வயதுவரையான பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்றது. நேரத்தைக் குறைப்பதோடு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பேன்.

இதனால் போனை நான் ஒதுக்கிவிடவில்லை. ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போட்டு ஜன்னலோரம் வைத்தோம். தினமும் காலையில், ஒரே இடத்தில் நின்று, ஒரு போட்டோ எடுத்தேன். பயறு உப்பி, வெள்ளையாக வேர் விட்டு, தோலைத் தலையில் சுமந்தபடி நிமிர்ந்து, இரண்டு இலை விட்டது. பிறகு போட்டோக்களைப் பிரிண்ட் போட்டுத் தரையில் கலைத்துப் பரப்பினேன். ‘மொதல்ல இது, அப்பறம் இது’ என்று ஒரே சண்டை. ஒரு சிறுமி எழுந்து ஜன்னலுக்குப் போய், செடியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வந்து கடைசிப் படத்தை வைத்தாள். கையால் தொட்டு வளர்த்த செடி பக்கத்திலேயே இருந்ததால்தான் அந்தப் படங்களுக்கு உயிர் இருந்தது. வெறும் வீடியோவாக ஒரு விதை அரை நிமிடத்தில் முளைத்திருந்தால் இத்தனை பேச்சு பிறந்திருக்காது.

கதைகளுக்கும் இதே வழிதான். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்துப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. இரவில் படித்து வைத்துக்கொண்டு, மறுநாள் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வேன். சில கதைகளின் நடை பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கனம்.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டது போட்டோதான். குழந்தை எழுதுகிற மாதிரி, ஆடுகிற மாதிரி. ஓர் அம்மா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ‘டீச்சர், எம்புள்ள மூஞ்சி எங்கயும் வர வேணாம், குடும்பத்துல பிரச்சன இருக்குது’ என்றார். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் முகத்தையும் நான் அனுப்புவதில்லை. மண்ணைப் பிசையும் கை, அடுக்கி வைத்த கல், அவ்வளவுதான். 2023-இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ரீல்ஸுக்காகப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப ஆடவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. லைக் போடுகிறவர்கள் யாரென்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

போட்டோவுக்குப் பதிலாக, சாயங்காலம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுகிறேன். இன்று என்ன பாடினோம், வீட்டில் பிள்ளையிடம் என்ன கேட்கலாம் என்று இரண்டே வரி. கம்பெனி வேனில் போய் வரும் அம்மாக்களுக்குப் படிப்பதைவிடக் கேட்பது எளிது. எதிர்பாராமல் பாட்டிகளிடமிருந்து பதில் வர ஆரம்பித்தது. பேத்தியின் போனில் ஒரு பாட்டி, புளியங்கொட்டையை உருட்டி எண்ணிக்கொண்டே பாடும் பாட்டை அனுப்பினார். எங்கள் குழுக்களில் சுற்றிய எந்த வீடியோவிலும் அந்தப் பாட்டு இல்லை. மையத்துக்கு வரச் சொன்னோம்; உதவியாளர் அக்கா பாய் விரித்தார்; பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, கொட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாடினார். பிள்ளை ஐந்தைச் சொல்லும்வரை ஆறுக்குப் போகவில்லை.

அந்தப் பாட்டை, கையசைவு தெரிகிற மாதிரி, பாட்டியின் சம்மதத்தோடு நிதானமாகப் பதிவு செய்து, டீச்சர்கள் குழுவில் போட்டேன். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட அல்ல, டீச்சர்கள் பாடிப் பழக என்று கூடவே சொன்னேன். இப்போது வேறு சில மையங்களிலும் பாடுகிறார்கள். ஒரு டீச்சர் வரிகளைத் தன் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். அவர் மையத்தில் எண்ணுவது வேப்பங்கொட்டை.