முக்கி எடுக்கும் முன்

உங்களுக்கும் அந்த ரீல்ஸ் கண்டிப்பா வந்திருக்கும். ஒரு தொட்டி நிறையத் தண்ணி. அதுமேல புலித்தோல் மாதிரி ஒரு டிசைன் மிதக்குது. ஒருத்தர் கிளவுஸ் போட்டுக்கிட்டு வெறும் ஹெல்மெட் ஒண்ணைச் சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா உள்ளே இறக்குறார். வெளியே வரும்போது ஹெல்மெட் முழுக்கப் புலித்தோல். வளைவு, இடுக்கு எதுவும் பாக்கி இல்லை. நானும் அதை வாயைப் பிளந்து பார்த்தவன்தான். நாலாவது செமஸ்டர் லீவுல என் கையாலயே பண்ணியும் பார்த்தேன். அப்போ ஒரு தப்பு பண்ணினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதுக்குப் பேர் வாட்டர் டிரான்ஸ்ஃபர் பிரின்டிங். பட்டறையில 'ஹைட்ரோ டிப்பிங்'னா எல்லாருக்கும் புரியும். ஒண்ணும் புதுசு இல்லை. ஜப்பான்காரர் மோதோயாசு நகானிஷி இதுக்கான கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு 1982-லேயே விண்ணப்பிச்சிருக்கார்.

கோவையில என் பெரியப்பா பையன் பைக் பெயின்டிங் பட்டறை வெச்சிருக்கார். லீவுல அங்கதான் எடுபிடி வேலை. வேலையோட வரிசையைக் கேளுங்க. முதல்ல பொருளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், அப்பதான் பெயின்ட் பிடிக்கும். அப்புறம் பேஸ் கோட். டிசைன் இங்க் கொஞ்சம் ஊடுருவித் தெரியும்ங்கிறதால, அடியில வெள்ளை அடிச்சா ஒரு முகம், சில்வர் அடிச்சா வேற முகம். டிசைன் அச்சான ஃபிலிம், பாலிவினைல் ஆல்கஹால்ங்கிற, தண்ணியில கரையுற பிளாஸ்டிக். கிட்டத்தட்ட 30 டிகிரி வெதுவெதுப்புல இருக்கிற தண்ணிமேல அதைக் காத்துக்குமிழ் இல்லாம விரிக்கணும். ஒரு நிமிஷத்துல ஃபிலிம் தண்ணி குடிச்சு இளகிடும். அடுத்தது ஆக்டிவேட்டர் ஸ்பிரே. அது ஒரு சால்வென்ட் கலவை. பட்ட சில நொடியில காய்ஞ்ச இங்க் மறுபடி திரவமாகி எண்ணெய் மாதிரி பளபளக்கும். அந்த நேரம் பார்த்துப் பொருளைச் சாய்வா இறக்கணும். தண்ணி எல்லாப் பக்கமும் அழுத்துறதால இங்க் பொருளைச் சுத்தி அப்படியே ஒட்டிக்கும். எடுத்துக் கழுவி, காயவெச்சு, மேல கிளியர் கோட். அவ்வளவுதான்.

மூலை முடுக்குல டிசைன் இழுபட்டுக் கோணலாகும். அதுக்கும் வழி கண்டுபிடிச்சிருக்காங்க. ஜெஜியாங், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல ஃபிலிம் எப்படி இழுபடும்னு முன்னாடியே சிமுலேட் பண்ணி, அதுக்கு ஏத்த மாதிரி டிசைனையே மாத்தி அச்சடிச்சு, பொருள்மேல சரியான இடத்துல உட்கார வெச்சாங்க. ஃபைனல் இயர் பிராஜெக்ட் தேடுறவங்க குறிச்சுக்கோங்க.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடுற நேரத்துல அண்ணன் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கியை முக்கி எடுக்கிறாங்க. அங்க இது நல்லா ஓடுற தொழில். இலை, கிளை, மரப்பட்டை டிசைன் போட்டா துப்பாக்கியோட நேர்கோட்டு உருவம் உடைஞ்சு, காட்டோட காடா கலந்திடும். முக்குற காட்சி ஒரு நிமிஷம்கூட இல்லை. அதுக்கு முந்தைய வேலைதான் ரொம்ப நேரம் ஓடிச்சு. முதல்ல உள்ளே தோட்டா இல்லைன்னு பார்க்கிறாங்க. அப்புறம் போல்ட்டைக் கழட்டி, டிரிகர் செட்டைக் கழட்டி, ஸ்கோப்பைக் கழட்டி, குழல் வாயை அடைச்சு, மரை இருக்கிற இடமெல்லாம் டேப் ஒட்டுறாங்க. நகர்ற பாகத்துல பெயின்ட் ஏறினா சிக்கும். குழலுக்குள்ள போனா ஆபத்து.

"டிசைன் எங்க ஏறணும்னு யார் வேணா சொல்லுவான்டா. எங்க ஏறக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும்," என்றார் அண்ணன். நான் தயிர்சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே தலையாட்டினேன். காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறலை.

அடுத்த வாரம் அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனார். நான் அப்பாவோட ஹெல்மெட்டை எடுத்துட்டு வந்தேன். அப்பா மில்லுக்கு தினமும் பைக்குல போக 22 கிலோமீட்டர், வர 22. ஹெல்மெட் வாங்கி அஞ்சு வருஷம், முழுக்கக் கீறல். அதுக்குக் கார்பன் ஃபைபர் டிசைன் போட்டு அசத்தணும்னு ஆசை.

தின்னர் போட்டுத் துடைச்சேன். பேஸ் அடிச்சேன். முக்கினேன். ஃபிலிமுக்கு அடியில காத்துக்குமிழ் மாட்டி ரெண்டு இடத்துல வெள்ளை வெள்ளையா திட்டு. மறுபடி தின்னர் ஊத்தி எல்லாத்தையும் துடைச்சு எடுத்தேன். இந்தத் தடவை ஆக்டிவேட்டரையும் தாராளமா அடிச்சேன். வந்துச்சு பாருங்க, கடையில வாங்கின மாதிரி. அப்பா அதைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மறுநாள் மில்லுக்குப் போயிட்டு வந்து, "எல்லாரும் எங்க வாங்குனதுன்னு கேக்கறாங்க கண்ணு" என்றார். எனக்குக் கால் தரையில இல்லை.

அன்னைக்கு ராத்திரி வைசர் கொஞ்சம் லூசா இருக்குன்னு ஸ்குருவைக் கழட்டினேன். ஓட்டையோட உள்விளிம்புல தலைமுடி மாதிரி மூணு கோடு. கிளியர் கோட்தான் வெடிச்சிருக்குன்னு நினைச்சேன். அண்ணன் வந்து அந்த இடத்துல பெயின்ட்டைத் தேய்ச்சு எடுத்தார். கோடு போகலை. அது பிளாஸ்டிக்குலயே இருந்துச்சு.

என்விரான்மென்டல் ஸ்ட்ரெஸ் கிராக்கிங். மெட்டீரியல் சயின்ஸ் பரீட்சைக்கு நான் மனப்பாடம் பண்ணி எழுதின அதே விஷயம். ஏபிஎஸ் மாதிரி பிளாஸ்டிக்குல ஸ்குரு இறுக்கின இடத்துல எப்பவும் ஒரு இழுவிசை இருக்கும். அங்க சால்வென்ட் பட்டா, தனியா அந்த விசை உடைக்க முடியாததை ரெண்டும் சேர்ந்து உடைக்கும். அண்ணன் இன்னொண்ணும் காட்டினார். ஒரு தெர்மாகோல் துண்டுமேல சொட்டு தின்னர் விட்டார். குழி விழுந்து உருகிப் போச்சு. ஹெல்மெட்டுக்குள்ள அடியைத் தாங்குறதே அந்தத் தெர்மாகோல் வகைதான். பல ஹெல்மெட்டுக்குள்ள பெட்ரோல், பெயின்ட், பசை எதுவும் படக்கூடாதுன்னு ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். நான் பாத்திருக்கேன். படிச்சதில்லை.

'கம்பெனிக்காரனும் பெயின்ட் அடிச்சுதானே விக்கிறான்?' நானும் இதையேதான் கேட்டேன். அவங்க அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போற பெயின்ட்டைத் தேர்ந்தெடுத்து அடிக்கிறாங்க. அந்த மாடல் ஐஎஸ் 4151 தரப்படி மோதல் சோதனையில தேறணும். என் ஹெல்மெட்டை எந்தச் சோதனையில வெச்சேன்? கண்ணாடி முன்னாடி வெச்சேன்.

அது பழைய ஹெல்மெட்தானே, கோடு முன்னாடியே இருந்திருக்கலாமேன்னு நீங்க நினைக்கலாம். இருக்கலாம். ஆனா அப்படி இருந்தாலும், அப்பா கண்ணுல என்னைக்காவது பட்டிருக்க வேண்டிய விரிசலை அழகா மூடி வெச்சது நான்தான். ரெண்டுல எது நடந்திருந்தாலும், அந்த ஒருநாள் 44 கிலோமீட்டர் அப்பா என் டிசைனை நம்பித்தான் போயிட்டு வந்திருக்கார். இதை நினைச்சா இன்னும் அடிவயிறு கலங்குது.

வேற யாரும் எடுத்துப் போட்டுடக் கூடாதுன்னு ஹெல்மெட்டை ஆக்ஸா பிளேடால ரெண்டா அறுத்தோம். லீவுல அண்ணன் குடுத்த காசுல ஐஎஸ்ஐ முத்திரை போட்ட புது ஹெல்மெட் ஒண்ணு வாங்கினேன். வெறும் கறுப்பு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுக்கு டிசைன் போடலையா கண்ணு?" என்றார். "இது இப்படியே இருக்கட்டும்பா" என்றேன். பிறகுதான் முழுக் கதையையும் சொன்னேன். அப்பா திட்டலை. ஹெல்மெட்டைப் போட்டு வாரை மட்டும் கொஞ்சம் இறுக்கிக்கிட்டார்.

முக்குறதை நான் விடலை. பைக் மட்கார்ட், கண்ணாடி மூடி, ஹாஸ்டல் மேஜை விளக்கு எல்லாம் முக்கியாச்சு. நீங்களும் பண்ணிப் பாருங்க, காத்தோட்டமான இடத்துல, சால்வென்ட் ஆவிக்கான மாஸ்க் போட்டுக்கிட்டு. ஆனா ஃபிலிம் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பொருளைக் கையில எடுத்து ஒண்ணு மட்டும் கேளுங்க: இது யாரோட உயிரையாவது காப்பாத்துற வேலையில இருக்கா? ஆமான்னா, அதை அப்படியே கீழே வெச்சிடுங்க.