ஆகாயக் கணக்கும் மலைக் கணக்கும்

பத்தனைச் சந்தியில் பஸ் ஏறும்போது நல்ல வெயில். கொட்டகலை தாண்டுவதற்குள் பனிமூட்டம் இறங்கி, டிரைவர் லைட்டைப் போட்டுவிட்டார். ஹட்டனில் பஸ் மாறி, டிக்கோயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போனேன். விமானம் இறங்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா என எங்கே திரும்பினாலும் சரிவுதான். ஓடுபாதைக்குச் சமநிலம் தேடினால் கிடைக்காது. அதனால் 1965-இல் மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீரே இறங்குதளமாகிவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்காக சினமன் எயார் பறக்கவிட்ட செஸ்னா கரவான் விமானத்துக்கு மிதவையும் உண்டு, சக்கரமும் உண்டு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் தரையில் ஓடி எழும்பி, இங்கே தண்ணீரில் வந்து இறங்கும்.

நேர்கோட்டில் பார்த்தால் கட்டுநாயக்கவுக்கும் காசல்ரீக்கும் நடுவே சுமார் 85 கிலோமீற்றர். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் 17 நிமிடம். இது காகிதக் கணக்கு. எழும்பி, மலைக்கு மேலே உயர்ந்து, வட்டமடித்து இறங்குவதையும் சேர்த்தால் அரை மணி நேரமாகும். கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டனுக்கோ ரயில் பாதை 173 கிலோமீற்றர். ஐந்து மணி நேரம் போல எடுக்கும்.

கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இன்னைக்குப் பிளேன் வருமா?" என்றேன். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். "இந்தப் பனியில எங்க வரும் தம்பி? பஸ்ஸுதான் வரும்."

அவர் சொன்னதுதான் விமானியின் விதியும். விமானி தண்ணீரைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும்; இருட்டினாலும் மூடினாலும் பயணம் இல்லை.

அங்கிருந்து நோர்ட்டன்பிரிட்ஜ் போனேன். ஏழு கன்னியர் மலையின் முகடுகளை மேகம் பாதி மறைத்திருந்தது. இங்கேதான் ஒரு விமானத்தின் கணக்குப் பொய்த்தது. 1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி கடந்த வேளை. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரோடு வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தது. டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பிய விமானிகள், விமான நிலையத்துக்கு உண்மையில் இருந்ததைவிட மிக அருகில் வந்துவிட்டதாகவே கணக்கிட்டார்கள். இன்னும் 40 கடல் மைல், அதாவது சுமார் 74 கிலோமீற்றர் பாக்கி. ஜெட் விமானத்துக்குப் பத்து நிமிடப் பறப்பு! 4,300 அடிக்கு மேலே, இந்த மலையின் ஐந்தாம் முகட்டில் விமானம் மோதியது. ஊழியர் ஒன்பது பேரையும் சேர்த்து 191 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் இன்றுவரை இதைவிடப் பெரிய விமான விபத்து நடந்ததில்லை. அந்த விமானத்தின் டயர் ஒன்றை நோர்ட்டன்பிரிட்ஜில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கொழுந்து விலைதான் பேச்சு.

தூரத்தையும் நேரத்தையும் போனில் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. அதில் மலையின் உயரமும் இல்லை, பனியும் இல்லை. காசல்ரீக்குப் பறந்து வர நினைப்பவர்கள், சேவை நடக்கிறதா என்று கேட்டு, காலை நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கையோடு ஹட்டன் ரயில் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.