மாடியில் நடந்த நேர்முகத் தேர்வு

இரண்டு வாரமாக ஏன் பதிவு ஒன்றும் காணோம் என்று சிலர் போனில் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தங்கை பேத்தி நம் பழங்காநத்தம் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். விமானி வேலைக்கு இண்டர்வியூ. பிசிக்ஸ் கேள்விக்குத் தாத்தா போதும் என்று அவளே முடிவு பண்ணிவிட்டாள்.

200 மணி நேரம் பறந்து, வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் என்று வரிசையாகப் பரீட்சை எழுதி, கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கியவள். அதற்காக அவள் அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்திருக்கிறார். லைசென்ஸ் வந்துவிட்டது, வேலை இன்னும் வரவில்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. போன தடவை எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் இரண்டையும் தாண்டி, கடைசி அறையில் நின்றுபோனாள்.

முதல் நாள் "ஸ்டால் என்றால் என்ன?" என்று கேட்டேன். புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஒப்பித்தாள். புரிந்ததா என்று பார்க்க, திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுவதைச் சொல்லச் சொன்னேன். (பசங்களா, நீங்கள் செய்யாதீர்கள்!) கையைச் சற்றுச் சாய்த்தால் காற்று மேலே தூக்கும். ஒரு அளவுக்கு மேல் சாய்த்தால் தூக்காது, பின்னால்தான் இழுக்கும். இறக்கைக்கும் அதே கதைதான். நம்ம ஒர்க்‌ஷாப்பில் சொல்கிற மாதிரி இன்ஜின் நின்றுபோவதல்ல ஸ்டால். மீள வேண்டுமானால் முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும்.

அடுத்தது சித்திரை வெயில். மதுரையில் 40 டிகிரி அடிக்கும்போது, கணக்குக்கு வைத்துக்கொள்ளும் 15 டிகிரியைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. இறக்கைக்கும் பிடிமானம் குறைவு, இன்ஜினுக்கும் மூச்சு குறைவு. அதனால் ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இதை விரல்நுனியில் வைத்திருந்தாள்.

பிறகு எங்கே தடுக்கியது? நாலாவது நாள் எரிபொருள் கணக்கு ஒன்றை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுக் காட்டினேன். பார்த்தாள், தலையாட்டினாள். "தெரியலையா?" என்றேன். "தெரிஞ்சுச்சு தாத்தா. நீங்க போட்டதாச்சே, எப்படிச் சொல்றதுன்னு..." என்றாள். போன இண்டர்வியூவில், கேப்டன் தவறு செய்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். "அவர் சொல்றபடி கேட்பேன் சார்" என்றிருக்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்காரவைத்து டெனரீஃப் கதையைச் சொன்னேன். 1977 மார்ச் 27. மூடுபனி. கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்திலேயே மூத்த பயிற்சியாளர். அனுமதி வருமுன் கிளம்பிவிட்டார். எதிரே பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறதோ என்று பின்னால் இருந்த பொறியாளர் கேட்டார். போய்விட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அவர் பேசாமல் இருந்துவிட்டார். 583 பேர் போனார்கள்.

அன்றிலிருந்து மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நான் கேப்டன், அவள் துணை விமானி. நான் தப்புச் செய்வேன், அவள் சொல்ல வேண்டும். முதலில் "கேப்டன், உயரம் குறைகிறது." கேட்காவிட்டால், என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். அப்புறமும் கேட்காவிட்டால் "ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்." அந்தக் கடைசி வாக்கியம் வாயில் வர மூன்று நாள் ஆயிற்று. மரியாதை குறையாமல் அழுத்தமாகச் சொல்வது கஷ்டமான வித்தை. நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு அதை யார் பழக்குகிறோம்?

பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்ட உறவினர் இதைப் படிப்பார். 1951-லேயே உஷா சுந்தரம் தன் கணவரோடு லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்தார். சென்னை அரசு வாங்கிய விமானம் அது.

நேற்று நான் மூன்றாவது தப்பைத் தொடங்குமுன்பே "ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ், தாத்தா" என்று என் கையைத் தட்டிவிட்டாள். "அங்கே போய் தாத்தான்னு சொல்லிடாதே" என்றேன்.

வியாழக்கிழமை இண்டர்வியூ. என் மாணவர்களில் விமானப் படையிலோ விமான நிலையத்திலோ இருப்பவர்கள் புதன் சாயங்காலத்துக்குள் எனக்குப் போன் பண்ணுங்கள். அரை மணி நேரம் அவளைக் கேள்வி கேட்டால் போதும், கொஞ்சம் கடுமையாகவே கேளுங்கள். என் குரல் அவளுக்குப் பழகிவிட்டது.